இரண்டு வருஷம் கேட்ட பெண்

அந்த நோட்டு அரசாங்கத்துடையது இல்லை. அரசாங்கத்தின் 'தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு' வருஷ முடிவில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். அதைப் பார்த்துத் தன் சொந்த உபயோகத்துக்காக அவர் எழுதி வைத்துக்கொண்ட நகல் இது. இரும்பு அலமாரியின் அடித்தட்டில், பழைய வாயில் புடவைகளுக்குக் கீழே கிடக்கிறது. கடல் காற்றில் ஓரங்கள் பழுப்பேறி, சில பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. கட்டங்கள் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன: மனைவியின் பெயர், வயது, உயிருடன் இருக்கும் குழந்தைகள், கடைசிக் குழந்தையின் வயது, முறை, குறிப்பு.

'முறை' என்ற கட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே எழுத்து. 'ஆ'. ஆபரேஷன்.

அந்தமான் நிகோபார் தீவுகளின் தலைநகருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. அவர் இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறார். ஊரின் மேட்டுத் தெரு ஒன்றில், ஓய்வூதியத்தில் வாழ்கிறார். ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியராக 36 வருஷம் தீவு தீவாக வேலை பார்த்தவர். எழுபதை நெருங்கும் வயது. தெருவில் எல்லோருக்கும் அவர் 'சிஸ்டர்'. கச்சால் தீவிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் 'அக்கா'.

அவர் பிறந்தது இலங்கை மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. அவர்களை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் காத்திருந்தவர்களை அரசு பல திசைகளுக்குப் பிரித்து அனுப்பியது. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்குச் சிலர், கேரளத்தில் புனலூர் ரப்பர் தோட்டங்களுக்குச் சிலர், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் பக்கம் சிலர். ஒரு சிறு கூட்டம் மட்டும் மறுபடி கப்பலேறியது. நிகோபார் கூட்டத்தின் நடுவில் இருக்கும் கச்சால் தீவில், ரப்பர் மரத்தில் பால் வெட்ட ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் அவர் குடும்பமும் இருந்தது. அப்பா, அம்மா, உயிரோடிருந்த ஆறு பிள்ளைகள். அம்மா பெற்றது ஒன்பது.

1977-ல் அம்மாவுக்குப் பத்தாவது பிரசவம். குழந்தை பிறந்தது, நஞ்சுக்கொடி இறங்கவில்லை. ரத்தம் நிற்கவும் இல்லை. கப்பல் வர இன்னும் நாலு நாள் இருந்தது. அப்பா ஜெட்டிக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். கப்பல் சொன்ன நாளில் சரியாக வந்தது. அம்மா அதற்கு மூன்று நாள் முன்பே போய்விட்டார்.

"ஏழாவதோடு போதும்னுதான் அம்மா நினைச்சாங்க. அதை யாருகிட்ட சொல்லணும்னு அவங்களுக்குத் தெரியல" என்கிறார் அவர். குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி அவருக்கு அதற்கு மேல் யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. அடுத்த வருஷமே போர்ட் பிளேருக்கு வந்து ஏ.என்.எம். பயிற்சியில் சேர்ந்தார்.

இந்தியா 1952-லேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக ஏற்ற நாடு. உலகில் வேறெந்த நாடும் அதற்கு முன் இதைச் செய்ததில்லை. தீவுகளில் இந்தத் திட்டத்தைத் தீவிரமாக நடத்த நிர்வாகத்துக்குத் தனிக் காரணம் இருந்தது. 1951 கணக்கெடுப்பில் அந்தமான் நிகோபாரின் மொத்த ஜனத்தொகை 30,971. பத்தே வருஷத்தில் அது 63,548 ஆயிற்று. 1971-ல் 1,15,133. 1991-ல் 2,80,661. நாற்பது வருஷத்தில் ஒன்பது மடங்கு. கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளி அகதிகள், தமிழர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சியிலிருந்து காடு வெட்ட வந்தவர்கள், கிரேட் நிகோபாரில் நிலம் கொடுத்துக் குடியேற்றப்பட்ட முன்னாள் ராணுவத்தினர் என்று கப்பல் கப்பலாக வந்து சேர்ந்த கூட்டம் அது. தொட்டிலை விடக் கப்பலே இந்த எண்ணிக்கைக்கு அதிகக் காரணம். ஆனால் கப்பலை நிறுத்த எந்த இலாகாவுக்கும் உத்தரவு இல்லை. தொட்டிலைக் கணக்குப் பார்க்க ஒரு நர்ஸ் இருந்தார்.

முதல் வேலை லிட்டில் அந்தமானில் ஹட் பே. ஒரே தீவில் வங்காளிகள், தமிழர்கள், நிகோபாரிகள். வடகிழக்கே டுகாங் கிரீக்கில் ஓங்கே பழங்குடியினர். 1901-ல் 672 பேராக இருந்த ஓங்கேக்கள் 2011-ல் 101 பேர். இவரது பதிவேட்டில் அவர்களுக்கு இடமில்லை. அவர்களிடம் போய் 'அளவான குடும்பம்' பேச யாருக்கும் மனம் வராது. ஒரு பக்கம் ஜனம் பெருகுகிறது என்ற கவலை, மறு பக்கம் ஒரு ஜனமே மறைந்துவிடுமோ என்ற கவலை. இரண்டும் ஒரே தீவில், சில மணி நேரத் தூரத்தில். இளம் நர்ஸான அவர் அப்போது அதைப் பெரிதாக யோசிக்கவில்லை.

1986-ல் கச்சாலுக்கே மாற்றலாகி வந்தார். அம்மா இறந்த தீவு. உடம்பில் தெம்பும் மனதில் வைராக்கியமும் இருந்தன. வீடு வீடாகப் போனார். தோட்டத்துப் பெண்கள் அவர் பேச்சைக் கேட்டார்கள், ஏனென்றால் அவர் அம்மாவை அவர்களுக்குத் தெரியும்.

நிகோபாரிக் கிராமங்களில் நிலைமை வேறு. அங்கே முதலில் ஊர்த் தலைவரான 'கேப்ட'னைப் பார்க்க வேண்டும். ஒரு கேப்டன் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஹிந்தியில் சொன்னாராம்: "எங்களிடம் தென்னை இருக்கிறது, நிலம் இருக்கிறது, பன்றி இருக்கிறது. ஆட்கள்தான் குறைவு. நீங்கள் அதையும் குறைக்கச் சொல்கிறீர்கள்." அவருக்குப் பதில் தெரியவில்லை. "தாய்மார்களின் உடம்புக்காகச் சொல்கிறேன்" என்றார். "அது சரி" என்று கேப்டன் ஒப்புக்கொண்டார். அந்தக் கிராமத்திலிருந்தும் சில பெண்கள் வந்தார்கள்.

ஆனால் வந்த பெண்களுக்குக் கொடுக்க அவரிடம் என்ன இருந்தது என்பதுதான் விஷயம்.

பெட்டியில் நிரோத் இருந்தது. தகரக் கூரை போட்ட அறையில், உப்புக் காற்றிலும் வெக்கையிலும் மாதக்கணக்கில் கிடந்த ரப்பரை நம்பி யாருக்கு உத்தரவாதம் தருவது? மாலா-என் மாத்திரை இருந்தது. 28 நாளுக்கு ஒரு அட்டை; ஒரு நாள்கூடத் தவறக்கூடாது. தென்மேற்குப் பருவக் காற்றில் கடல் கொந்தளித்து, கப்பல் இரண்டு வாரம் தள்ளிப்போனால் அடுத்த அட்டை இல்லை. அட்டை தீர்ந்து கர்ப்பமாகி, "உங்க மாத்திரையைத்தானே சாப்பிட்டேன்" என்று வந்து நின்ற பெண்கள் உண்டு. காப்பர்-டி இருந்தது. சில வருஷம் தாங்கக்கூடியது, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். ஒரு தடவை அதைப் பொருத்திய பெண்ணுக்கு ரத்தப்போக்கு அதிகமாகிவிட்டது. டாக்டர் வேறு தீவில். இரவு முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவருக்குக் கண்முன் நின்றது அம்மாவின் பாய். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். காப்பர்-டியைச் சிபாரிசு செய்யும் தைரியம்தான் அவருக்குப் போய்விட்டது.

மிச்சம் ஆபரேஷன். பிப்ரவரி, மார்ச்சில் கடல் அமைதியாக இருக்கும். டாக்டர் குழு ஒன்று கப்பலில் வரும், முகாம் போடும், இருபது முப்பது பேருக்குச் செய்துவிட்டு அடுத்த கப்பலில் போய்விடும். ஒரே நாள் வேலை, ஆயுளுக்கும் கவலையில்லை. மாதாமாதம் கப்பலை எதிர்பார்க்க வேண்டிய எந்த முறையும் கச்சாலில் நிலைக்கவில்லை. ஒரே ஒரு தடவை கப்பல் வந்தால் போதும் என்ற முறைதான் நிலைத்தது.

மார்ச்சுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. நிதி ஆண்டு முடிவு. அப்போதெல்லாம் ஒவ்வொரு நர்ஸுக்கும் 'டார்கெட்' உண்டு. அதைக் கணக்கிட டெல்லியில் ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள். ஒரு கருத்தடை ஆபரேஷன் என்றால் ஒன்று. காப்பர்-டி மூன்று போட்டால்தான் ஒரு ஆபரேஷனுக்குச் சமம். மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒன்பது பேர் சேர்ந்தால் ஒன்று. நிரோத் உபயோகிப்பவர்கள் பதினெட்டுப் பேர் சேர்ந்தால் ஒன்று. ஒரு பெண்ணைச் சம்மதிக்க வைக்கப் போகும் நர்ஸ் வழியில் எதைப் பற்றி யோசிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆண்கள்? நெருக்கடி நிலையின்போது, 1976-77ல் மட்டும் நாட்டில் சுமார் 82 லட்சம் கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. அதில் முக்கால் பங்கு ஆண்களுக்கு. பல இடங்களில் பிடித்துக்கொண்டு போய்ச் செய்தார்கள். 1977 தேர்தலில் மக்கள் அதற்குப் பதில் சொன்னார்கள். அதன் பிறகு எந்த அரசியல்வாதியும் ஆண்களிடம் கத்தியைக் காட்டத் துணியவில்லை. முழுப் பாரமும் பெண்கள் பக்கம் சாய்ந்தது. கச்சாலிலும் ஆண்கள், "பாரம் தூக்க முடியாமப் போயிடும்" என்று நழுவினார்கள். பேறுகாலத்துக்குப் பின் மூன்றாம் மாதமே விறகுக் கட்டு தூக்கிய மனைவிகள் ஆபரேஷனுக்குப் போனார்கள்.

1995 மார்ச். முகாமுக்கு இரண்டு நாள் முன்பு தோட்டத்துப் பெண் ஒருத்தி அவரைத் தேடி வந்தாள். வயது 24. மலையகத்திலிருந்து வந்த குடும்பம்தான். இரண்டு குழந்தைகள், சின்னவனுக்கு ஆறு மாதம், இடுப்பில் இருந்தான்.

"அக்கா, ரெண்டு வருஷம் கழிச்சுப் பண்ணிக்கவா? இவன் கொஞ்சம் எழுந்து நடக்கட்டும். அதுவரைக்கும் வேற ஏதாச்சும் இருந்தாக் குடுங்க."

அவர் அவளைத் திட்டவில்லை, பயமுறுத்தவும் இல்லை. உள்ளதைச் சொன்னார். மாத்திரை எப்போது வரும் என்று தெரியாது. அடுத்த முகாம் எப்போது என்றும் தெரியாது. இதற்குள் மூன்றாவது வந்துவிட்டால் என்ன செய்வாய்? எங்கம்மா கதை தெரியும்தானே? எல்லாமே உண்மை. அந்த வருஷ டார்கெட்டுக்கு இன்னும் இரண்டு பேர் குறைந்தார்கள் என்பதும் உண்மை. அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அவள் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரிக்கா. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. சீழ் வைக்கவில்லை, காய்ச்சல் இல்லை. பத்து நாளில் வேலைக்குப் போய்விட்டாள். எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் அது வெற்றிகரமான கேஸ்.

சரியாக ஒரு வருஷம் கழித்து, 1996 ஏப்ரலில், டார்கெட் முறையை மத்திய அரசு நாடு முழுவதும் கைவிட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு கெய்ரோவில் நடந்த ஐ.நா. மாநாட்டில், ஜனத்தொகையைக் குறைப்பதை விடப் பெண்ணின் விருப்பமும் ஆரோக்கியமும் முக்கியம் என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டிருந்தன. சுற்றறிக்கை கச்சாலுக்கும் கப்பலில் வந்தது. அதோடு கூடுதலாக எந்த மருந்தும் வரவில்லை.

2000 ஜனவரி முதல் தேதி, புத்தாயிரத்தின் முதல் சூரியோதயம் இந்தியாவில் கச்சாலில்தான் என்று விளம்பரம் செய்து, வெளியூரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார்கள். சில நாள் தீவு கலகலப்பாக இருந்தது. அடுத்த வருஷம் அவருக்குப் போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கிறிஸ்துமஸ். நிகோபாரிகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். கடற்கரைக் கிராமத்தில் இருந்த பள்ளித் தோழன் வீட்டு விருந்துக்குப் போன இரண்டு பையன்களும் இரவு அங்கேயே தங்கிவிட்டார்கள். பெரியவனுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவனுக்குப் பத்து. காலை ஆறரை மணி சுமாருக்குப் பூமி ஆடியது. பிறகு கடல் வந்தது. வீடு மேட்டில் இருந்ததால் தாயும் தகப்பனும் தப்பினார்கள்.

நிகோபார் தீவுகளிலேயே மிக மோசமாக அடிபட்டவற்றில் ஒன்று கச்சால். 2001 கணக்கெடுப்பில் அங்கே 5,300-க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 2011-ல் 2,700 பேர்கூட இல்லை. இறந்தவர்கள் போக, பிழைத்தவர்களிலும் பலர் தீவைவிட்டே போய்விட்டார்கள். இளநீர் வெட்டிக் கொடுத்த கேப்டனின் கிராமம் இருந்த இடத்தில் தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன.

போர்ட் பிளேரின் நிவாரண முகாம் ஒன்றில் சிஸ்டருக்கு வேலை போட்டிருந்தார்கள். ஜனவரி நடுவில் ஒரு நாள், தண்ணீர்க் குழாய் வரிசையில் அந்தப் பெண் நின்றிருந்தாள். இவரைப் பார்த்ததும் அழவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அக்கா, அன்னிக்குப் போட்ட முடிச்சை அவுக்க முடியுமா?"

அவள் மட்டும் கேட்ட கேள்வி இல்லை அது. தமிழ்நாட்டுக் கரையில் நாகப்பட்டினம் பக்கத்து மீனவக் கிராமங்களில் நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. தாய்மார்களில் பலர் இரண்டோடு, மூன்றோடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அரசு சொன்னதை நம்பி அளவான குடும்பம் வைத்துக்கொண்டவர்கள், ஒரே காலையில் குழந்தை இல்லாதவர்களாக ஆகிவிட்டார்கள். 2005 ஜனவரியிலேயே தமிழக அரசு, சுனாமியில் குழந்தைகளை இழந்த பெண்களுக்குக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் ஆபரேஷனைத் தன் செலவில் செய்வதாக அறிவித்தது. ஐம்பது வருஷம் முடிச்சுப் போடவே பிரசாரம் செய்த ஒரு அரசாங்கம், அதை அவிழ்க்கவும் முன்வந்தது.

அவிழ்ப்பது போடுவதைப் போல் சுலபமில்லை. லேப்ராஸ்கோப் வழியாக வளையம் மாட்டியிருந்தால் சேதம் குறைவு. குழாயை வெட்டிக் கட்டியிருந்தால் அதிகம். மிச்சக் குழாயின் நீளம், பெண்ணின் வயது, செய்யும் டாக்டரின் கைத்திறன் எல்லாம் சேர வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தாலும் கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்து உண்டு. நோட்டில் 'ஆ' என்று போட்டிருந்ததே தவிர, வளையமா, வெட்டிக் கட்டியதா என்று அவர் குறித்திருக்கவில்லை. அன்றைக்கு அது தேவைப்படும் என்று யாருக்குத் தோன்றியது?

அந்தப் பெண்ணும் கணவனும் மூன்று நாள் கப்பலில் சென்னைக்குப் போனார்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கி, ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டாள். வெட்டிக் கட்டியதுதான். ஒரு பக்கக் குழாயை மட்டும் இணைக்க முடிந்தது. அப்போது அவளுக்கு 34 வயது. மூன்று வருஷம் காத்திருந்தார்கள். பிறகு, சுனாமியில் இறந்துபோன கொழுந்தனாரின் பெண்ணைத் தங்கள் பெண்ணாக வளர்த்தார்கள்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, குடும்பக் கட்டுப்பாடே தப்பு என்று யாராவது சொன்னால் சிஸ்டருக்குக் கோபம் வரும். "எங்கம்மாவுக்கு ஒரு ஆபரேஷன் கெடைச்சிருந்தா எண்பது வயசு வரைக்கும் இருந்திருப்பாங்க" என்கிறார். அந்த நோட்டில் உள்ள பெண்களில் பெரும்பாலோர் அவரை வாழ்த்துகிறார்கள். பிரசவத்தில் சாகவில்லை, பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அவரை உறுத்துவது வேறொன்று. அந்தப் பெண் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு வருஷம் பொறுத்துச் செய்துகொள்கிறேன் என்றாள். அந்த இரண்டு வருஷத்தைக் கொடுக்க நாட்டிடம் எதுவுமே இல்லாமலா இருந்தது?

இருந்தது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த, ஹார்மோன் இல்லாத கருத்தடை மாத்திரை 'சஹேலி' என்ற பெயரில் 1991-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. ஒரு சின்ன டப்பாவில் ஆறு மாதத்துக்கு வேண்டியதைக் கப்பலில் அனுப்பியிருக்கலாம். உலகுக்கே புதிதான அந்த இந்திய மாத்திரை, அரசின் இலவசப் பட்டியலில் 'சாயா' என்ற பெயரில் சேர கால் நூற்றாண்டு பிடித்தது. 1995-ல் கச்சாலில் அதன் பெயரைக்கூட யாரும் கேள்விப்பட்டதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் ஊசியும் அப்போது உலகில் இருந்தது. தீவுகளின் வங்காளிகள் விட்டுவந்த தேசத்தில், மத்லாப் என்ற வட்டாரத்தில், 1977 முதல் அந்த ஊர்ப் பெண்களே ஊழியர்களாகி மாத்திரையையும் ஊசியையும் வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். அதுவும் ஆறும் வெள்ளமும் சூழ்ந்த பூமிதான். மழைக்காலத்தில் படகில்லாமல் நகர முடியாது. அங்கே முறையைத் தண்ணீருக்குத் தக்கபடி அமைத்தார்கள். வங்கதேசம் பின்பு தன் பிறப்பு விகிதத்தைக் குறைத்தபோது, ஆபரேஷனை விட மாத்திரையும் ஊசியும்தான் அதிகம் கைகொடுத்தன. இந்தியாவில் ஊசியைப் பெண்கள் அமைப்புகள் பல வருஷம் எதிர்த்தன. அந்த எதிர்ப்பில் நியாயமும் இருந்தது: மாதவிலக்குக் குழப்பம், எலும்பு பலவீனப்படலாம் என்ற அச்சம், எல்லாவற்றுக்கும் மேலாக, முகாம்களில் பெண்ணிடம் விளக்காமலே ஊசி போட்டுவிடுவார்கள் என்ற சந்தேகம். முகாம்கள் நடந்த விதத்தைப் பார்த்தவர்கள் அந்தச் சந்தேகத்தைக் குறை சொல்ல முடியாது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம், ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்து, பதின்மூன்று பேர் இறந்தார்கள். 2016-ல் சுப்ரீம் கோர்ட், இத்தகைய முகாம்களை மூன்று வருஷத்துக்குள் நிறுத்தச் சொன்னது.

'அந்தரா' என்ற பெயரில் அந்த ஊசி 2017-ல் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. அவர் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம்.

இன்று அந்தமான் நிகோபாரில் ஜனத்தொகைப் பெருக்கம் என்று பயமுறுத்த முடியாது. 2001-க்கும் 2011-க்கும் இடையில் வளர்ச்சி ஏழு சதவீதம்கூட இல்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.3 குழந்தை, ஜனத்தொகை நிலையாக நிற்கத் தேவைப்படும் 2.1-ஐ விட மிகக் குறைவு. எண்ணிக்கையில் ஜெயித்தாயிற்று. ஆனால் அதே ஆய்வு நாடு முழுமைக்கும் சொல்லும் இன்னொரு கணக்கு உண்டு. மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஆபரேஷன் செய்துகொண்ட தம்பதிகள் 0.3 சதவீதம். இந்தியப் பெண் ஆபரேஷன் மேஜைக்குப் போகும் வயது பெரும்பாலும் இருபத்தைந்து, இருபத்தாறு. அதற்கு முன் வேறெந்த முறையையும் தொட்டே பார்க்காதவர்கள் பலர். கச்சாலுக்குக் கடல் ஒரு காரணம். கடலே இல்லாத ஊர்களிலும் அதே கதைதான் நடந்திருக்கிறது.

சிஸ்டரின் தங்கை மகள் ஹட் பேயில் ஆஷா ஊழியராக இருக்கிறாள். அவ்வப்போது ஃபோன் செய்து சந்தேகம் கேட்பாள். போன மழைக்காலத்தில் கேட்டது: "பெரியம்மா, ஒருத்தங்களுக்கு ஊசித் தேதி தாண்டிடுச்சு. ஸ்டாக் கப்பல்ல வரணும். என்ன சொல்றது?"

"நாலு வாரம் வரைக்கும் தாமதமாப் போடலாம். அதுவரைக்கும் நிரோத் குடு. புதுசாக் குடு, தேதி பாத்துக் குடு. அப்புறம் அந்தப் பொண்ணு என்ன கேக்கறாளோ, அதை முழுசாக் கேளு."

அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. போர்ட் பிளேருக்கு வெளியே குடியிருக்கிறாள். வளர்த்த மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. ஒவ்வொரு டிசம்பர் 26-ம் தேதியும் காலையில் கடற்கரைக்குப் போய்ப் பூப் போட்டுவிட்டு, திரும்பும் வழியில் சிஸ்டர் வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டுப் போவாள். பையன்களைப் பற்றிப் பேசுவார்கள். ஆபரேஷனைப் பற்றிப் பேசுவதில்லை. "நான் அவகிட்ட மன்னிப்புக் கேட்டதில்ல. அவ என்னைக் குத்தம் சொன்னதும் இல்ல" என்கிறார்.

அவள் போன பிறகு, சில வருஷங்களில், நோட்டை எடுத்துப் பார்ப்பது உண்டு. 1995-ம் வருஷத்துப் பக்கம். பெயர். வயது 24. உயிருடன் இருக்கும் குழந்தைகள் 2. கடைசிக் குழந்தை 6 மாதம். முறை: ஆ. அந்தப் பக்கத்தில் மற்ற எல்லோருக்கும் 'குறிப்பு' கட்டம் காலியாக இருக்கிறது. அரசுப் பதிவேட்டில் அந்தக் கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை. இந்த ஒரு வரிசையில் மட்டும் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறது: '2 வருஷம் கேட்டாள்.'

அன்றைக்கு இரவே எழுதியதாம். ஏன் எழுதினேன் என்று அவருக்கே தெரியவில்லை.